வீட்டுக் கடனில் கணக்குக் கேட்க எங்கே போவது?

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் உள்ள இண்டூரில் ஒருவர் எட்டு லட்ச ரூபாய் வங்கிக் கடனில் வீடு கட்டி, தவணை தவறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்காக வங்கி வழக்குப் போட நினைத்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 20 லட்ச ரூபாய்க்குக் குறைந்த பாக்கிக்குக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வங்கி வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால் வழக்கை விட்டுவிட்டு வீட்டையே எடுத்துக்கொள்ள நினைத்தால் எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பும் அதற்குத் தேவையில்லை. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் அந்த அதிகாரத்தை வங்கிக்குக் கொடுத்திருக்கிறது. ‘என் கணக்கில் தவறு இருக்கிறது’ என்று வீட்டுக்காரர் சொல்ல விரும்பினால் அவர்தான் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அந்தத் தீர்ப்பாயம் தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய மூன்று ஊர்களில்தான் இருக்கிறது. மூன்றுமே தருமபுரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். ஆக, எட்டு லட்சக் கடனில் வாதியாக நிற்க வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்ல, வாங்கியவர். ‘கடனை வாங்கிவிட்டு பேங்க் மேலேயே கேஸ் போட்டிருக்கிறான்’ என்று ஊர் பேசும்போது இந்த ஏற்பாடு யார் கண்ணிலும் படுவதில்லை. கடன் கொடுத்த நிறுவனத்தின் மீது வீட்டுக்காரர்கள் தொடுக்கும் வழக்குகளில் ஏய்ப்பும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலும் அவர்கள் கேட்பது கணக்கு. அதைக் கேட்பதற்கான இடத்தைச் சட்டம் மிகத் தொலைவிலும், மிகத் தாமதமாகவும் வைத்திருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வீட்டுக் கடன் என்றால் நகரத்து அடுக்குமாடி வாசிகளின் விவகாரம் என்ற எண்ணம் பழையதாகிவிட்டது. தருமபுரி மாவட்டத்தின் ஊர்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் சம்பாதித்த பணத்தைச் சொந்த ஊரில் வீடாகத்தான் மாற்றுகிறார்கள். கையில் இருப்பது அடித்தளம் போடவும் சுவர் எழுப்பவும் போதும், கான்கிரீட்டுக்குக் கடன். நத்தம் பட்டா, பழைய பத்திரம், சம்பளச் சீட்டு இல்லாத வருமானம் என்றால் பெரிய வங்கிகள் தயங்கும். அந்த இடத்தில்தான் வீட்டுக்கடன் நிறுவனங்கள் வருகின்றன. வட்டி கொஞ்சம் கூடுதல், காகிதம் கொஞ்சம் குறைவு. வீடு இருப்பவர்களுக்கு அதன் பத்திரத்தின் மேலேயே கடையை விரிவாக்கவோ, பெண்ணின் கல்யாணத்துக்கோ அடமானக் கடன் கிடைக்கிறது. மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் நிறுவனத்திடம் போகின்றன. உரிமை ஆவண ஒப்படைப்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. முன்கூட்டியே கையெழுத்திட்ட காசோலைகள், ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்பந்தம், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. தவணை எவ்வளவு, எத்தனை வருடம் என்ற இரண்டும் மட்டுமே கடன் வாங்கியவர் மனத்தில் நிற்கின்றன. அந்த இரண்டுமே மாறக்கூடியவை என்பது பிறகுதான் தெரியவருகிறது.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக் கடனாகிறது. அதன்பின் நிறுவனம் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி நோட்டீஸ் அனுப்பும்: 60 நாளில் மொத்தப் பாக்கியையும் கட்டு. கட்டாவிட்டால் 13(4) பிரிவின்படி வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். சுவரில் நோட்டீஸ் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தால் அது காகிதச் சுவாதீனம். ஆளை வெளியேற்றிப் பூட்டுப் போட மாவட்ட ஆட்சியரின் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவரின் உத்தரவு வேண்டும். ஆனால் அவர்கள் காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்களே தவிர, பாக்கித் தொகை சரியா என்று விசாரிப்பதில்லை. பிறகு மதிப்பீடு, 30 நாள் அறிவிப்பு, ஏலம். ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பு முழுப் பாக்கியையும் கட்டினால் மட்டுமே வீட்டை மீட்க முடியும் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பு விற்பனை முடியும்வரை அந்த வாய்ப்பு இருந்தது. 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தத்தைக் கறாராகவே வாசித்தது: ஏல அறிவிப்பு வந்துவிட்டால் மீட்கும் உரிமை போய்விட்டது. நோட்டீஸிலிருந்து ஏலம் வரையிலான இத்தனை படிகளில் ஒன்றில்கூட, கடன் கணக்கை வெளியாள் ஒருவர் வரவு செலவாகப் படித்துப் பார்க்கும் கட்டாயம் கிடையாது.

இந்தச் சட்டம் காரணமில்லாமல் வந்ததல்ல. வங்கிகளின் பணம் நீதிமன்றங்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முடங்கிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. 1993இல் கடன் வசூல் தீர்ப்பாயங்கள் வந்தும் நிலைமை போதுமான அளவு மாறவில்லை. 1998இல் நரசிம்மம் குழு, நீதிமன்றத்தின் தலையீடு இல்லாமல் அடமானச் சொத்தை எடுக்கும் அதிகாரம் வங்கிகளுக்கு வேண்டும் என்றது. வாதமும் எளிமையானது: வங்கி கொடுப்பது அதன் சொந்தப் பணமல்ல, வைப்பு வைத்தவர்களின் பணம். இண்டூரில் கடன் வாங்கியவர் ஏமாற்றினால், அதே இண்டூரில் ஓய்வூதியத்தைப் போட்டு வைத்திருக்கும் ஆசிரியரின் பணமும் சேர்ந்து ஆடும். இந்த வாதம் உண்மையானது. அதனால்தான் 2004 ஏப்ரலில் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஆனால் முழுவதையும் அப்படியே ஏற்கவில்லை. தீர்ப்பாயத்துக்குப் போகிற கடன்தாரர் முதலில் பாக்கியில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும் என்றிருந்த விதியை நியாயமற்றது என்று நீக்கியது. நோட்டீஸுக்குக் கடன்தாரர் எழுதும் ஆட்சேபணையை நிறுவனம் படித்து, காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. அதன்படி சேர்க்கப்பட்டதுதான் 13(3அ) பிரிவு. இப்போது 15 நாளில் பதில் வர வேண்டும்.

சிக்கல் சரியாக அங்கேதான் இருக்கிறது. ஆட்சேபணையைப் படிப்பதும் தள்ளுவதும் கடன் கொடுத்த நிறுவனமே. அந்தப் பதில் எவ்வளவு மொட்டையாக இருந்தாலும் அதை எதிர்த்து அந்தக் கட்டத்தில் தீர்ப்பாயத்துக்குப் போகக் கடன்தாரருக்கு உரிமையில்லை என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. உரிமையியல் நீதிமன்றத்தின் கதவை 34ஆம் பிரிவு மூடியிருக்கிறது. மோசடி போன்ற குறுகிய காரணங்களுக்கும், கடனோடு சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளின் உரிமைக்கும் மட்டுமே அங்கே இடுக்கு உண்டு. உயர் நீதிமன்றங்களும் இந்த விவகாரங்களில் ரிட் மனுக்களை எளிதில் ஏற்கக்கூடாது என்று 2010இல் சத்யவதி டண்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. எனவே வீட்டின் மேல் நிறுவனம் கை வைத்த பிறகுதான் முதல் வெளிக் கதவு திறக்கிறது. அதுவும் 45 நாளுக்குள் 17ஆம் பிரிவின்கீழ் மனுப் போட்டால்தான். அங்கே தீர்ப்பாயம் முதலில் கேட்பது, வீட்டை எடுத்த நடவடிக்கை சட்டப்படி நடந்ததா என்பதை. நோட்டீஸ் ஒழுங்காகச் சேர்ந்ததா, விளம்பரம் வந்ததா என்ற நடைமுறைக் கேள்விகளில் வழக்கு சுற்றுகிறது. ‘ஏழு வருடம் கட்டியும் அசல் ஏன் குறையவில்லை’ என்ற வீட்டுக்காரரின் கேள்வி ஓரத்துக்குப் போய்விடுகிறது. தீர்ப்பாயத்தில் தோற்று மேல்முறையீட்டுக்குப் போனால் பாக்கியில் பாதியைக் கட்ட வேண்டும்; மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மனம் வைத்தால் கால் பங்கு. கட்டப் பணம் இல்லாததால்தான் அவர் அங்கே நிற்கிறார்.

‘நிறுவனங்களின் கணக்கு கணினியில் போடப்படுவது, அதில் தவறு எப்படி வரும்?’ என்று கேட்கலாம். தவறு வந்திருக்கிறது என்று சொல்லியிருப்பது கடன்தாரர் சங்கங்கள் அல்ல, இந்திய ரிசர்வ் வங்கி. 2017இல் ஜனக் ராஜ் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த ஆய்வுக் குழு, வங்கிகள் தங்கள் அடிப்படை வட்டி விகிதத்தைக் கணக்கிடும் முறையைத் தோன்றியபடி மாற்றி, வட்டி இறங்க வேண்டிய காலத்தில் இறங்காமல் பார்த்துக்கொண்டதைப் பதிவு செய்தது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்காக மனிலைஃப் அறக்கட்டளை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டாயமாக இணைக்கப்பட்டன. ஆனால் இந்த விதி வங்கிகளுக்குத்தான். கிராமங்களில் அதிகம் கடன் கொடுக்கும் வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு இல்லை. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இன்னொன்றைச் சொன்னது: பணம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்லாமல், கடன் அனுமதியான நாளிலிருந்தோ ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்தோ சில நிறுவனங்கள் வட்டி போட்டிருக்கின்றன, மாத நடுவில் கொடுத்த கடனுக்கு முழு மாத வட்டி எடுத்திருக்கின்றன. இதை ஆய்வின்போது கண்டுபிடித்து, கூடுதலாக எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வைத்ததாகவும் அது சொன்னது. பத்து லட்ச ரூபாய்க் கடனில் 12 சதவீத வட்டியில் 15 நாள் முன்கூட்டி வட்டி போட்டால் ஏறக்குறைய 4,930 ரூபாய். ஒரு வீட்டுக்கு அது சின்னத் தொகை. ஆயிரக்கணக்கான வீடுகளில் எடுத்தால் அது வருமானம்.

இதைவிடப் பெரிய தொகை கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடம் கடனின் காலம். பத்து லட்ச ரூபாயை 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 10,143 ரூபாய். வட்டி 11 சதவீதமாக உயர்ந்தால் தவணை சுமார் 11,366 ஆக வேண்டும். கடன்தாரருக்குச் சுமை தெரியக்கூடாது என்று நிறுவனம் தவணையைத் தொடாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? தொடக்கத்திலிருந்தே 11 சதவீதம் என்று கணக்கிட்டால் 180 மாதத்தில் முடிய வேண்டிய கடன் 257 மாதம் ஓடும். ஆறு ஆண்டுக்கும் மேல் கூடுதல். ஏழே முக்கால் லட்ச ரூபாய் கூடுதல். உயர்த்திய தவணையைக் கட்டியிருந்தால் கூடுதல் செலவு இரண்டே கால் லட்சத்துக்குள் நின்றிருக்கும். மாதாமாதம் அதே தொகை பிடிக்கப்படுவதால் வீட்டில் யாருக்கும் எதுவும் மாறியதாகத் தெரியாது. இப்படிக் கேட்காமல் காலத்தை நீட்டும் பழக்கம் பரவலாக இருந்ததால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. வட்டி மாறும்போது தவணையிலும் காலத்திலும் என்ன மாறும் என்று சொல்ல வேண்டும், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்க விட வேண்டும், நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பையும் தர வேண்டும் என்றது. அதே நாளில் அபராத வட்டியையும் தடை செய்தது. தவணை தவறினால் அபராதக் கட்டணம் வாங்கலாம். அதை அசலோடு சேர்த்து அதன் மேலும் வட்டி போடக்கூடாது. 2024 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தது. இப்படி ஒரு தடை தேவைப்பட்டது என்பதே அதற்கு முன்பு என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி.

ஒருவர் போட்ட வழக்கு ஊருக்கே பயன்பட்ட உதாரணமும் உண்டு. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கொரோனா காலத்தில் தவணைக்கு ஒத்திவைப்பு தரப்பட்டது. ஆனால் அந்த ஆறு மாத வட்டி அசலில் சேர்ந்து, வட்டிக்கு வட்டி ஓடியது. ஆக்ராவில் வீட்டுக் கடன் வாங்கியிருந்த ஒருவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே ஒன்றிய அரசு, இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு வட்டிக்கு வட்டியைத் திருப்பித் தரும் திட்டத்தை 2020 அக்டோபரில் அறிவித்தது. 2021 மார்ச் 23 அன்று வந்த தீர்ப்பு, தொகை எதுவானாலும் அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி கூடாது என்றது. கடனைத் தள்ளுபடி செய்யும் கோரிக்கையையும், ஒத்திவைப்பை நீட்டிக்கும் கோரிக்கையையும் அதே தீர்ப்பு நிராகரித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்கைத் திருத்துவது வேறு, கடனை அழிப்பது வேறு என்பதில் நீதிமன்றத்துக்குக் குழப்பம் இல்லை. டெல்லியைச் சுற்றியுள்ள நொய்டா, குருகிராம் பகுதிகளில் வீடு வாங்கியவர்களின் வழக்கு இன்னும் கனமானது. வீடு கைக்கு வரும்வரை தவணையைக் கட்டுமான நிறுவனமே கட்டும் என்ற திட்டத்தில் அவர்கள் பெயரில் கடன் போடப்பட்டது, பணம் நேராகக் கட்டுமான நிறுவனத்துக்குப் போனது, கட்டடம் எழும்பவில்லை, தவணை நின்றதும் வங்கிகள் வீடு கிடைக்காதவர்களைத் துரத்தின. 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் இவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கட்டுமான நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் இடையிலான தொடர்பை விசாரிக்க சிபிஐக்கு உத்தரவிட்டது. ஜூலையில் 22 வழக்குகள் பதிய அனுமதித்தது. வழக்கு என்ற ஒன்று இல்லாவிட்டால் இவர்கள் அனைவரும் வெறும் ‘தவணை தவறியவர்கள்’ பட்டியலில்தான் இருந்திருப்பார்கள்.

அடுத்த ஆட்சேபணை: கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினார்? ஒப்பந்தம் என்பது இருவரும் பேசி முடிப்பது என்ற கற்பனை இங்கே பொருந்தாது. நாற்பது ஐம்பது பக்க அச்சு வடிவத்தில் ஒரு வரியைக்கூட மாற்றும் சக்தி கடன் வாங்குகிறவருக்கு இல்லை. சட்டமும் இதை ஒப்புக்கொள்ளத் தொடங்கிவிட்டது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற ஒன்றை வரையறுத்து, இழப்புக்குப் பொருந்தாத அபராதம் விதிப்பதையும், முன்கூட்டிக் கடனை அடைக்க வந்தால் மறுப்பதையும் அதில் சேர்த்தது. அத்தகைய புகாரை மாநில நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம். 2024 அக்டோபர் முதல் தனிநபர்கள் வாங்கும் புதிய கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை கட்டாயம். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்து உண்மையில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்கக்கூடாது. இண்டூரில் அந்த மொழி தமிழ். ஆங்கில அறிக்கையில் கையெழுத்து வாங்கிவிட்டு ‘படித்துப் பார்த்துத்தான் போட்டார்’ என்று நிறுவனம் இனி சொன்னால், அந்த வாதம் ரிசர்வ் வங்கியின் சொல்லுக்கே எதிரானது.

கடன் கணக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1938இல், தருமபுரி சேலம் மாவட்டத்தில் இருந்த காலத்தில், சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி ரத்து. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடன் முடிந்தது. கணக்கைக் குறைத்துத் தரும்படி கடன் வாங்கியவரே நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நாற்பத்தாறு ஆண்டு கழித்து, 1984இல், வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21அ பிரிவு நுழைந்தது: வங்கி வாங்கும் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் கணக்கைத் திறக்கக்கூடாது. வட்டியை ரிசர்வ் வங்கி கட்டுப்படுத்திய காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கட்டுப்படுத்துகிறவர் மேலே இருக்கும்போது நீதிமன்றம் ஏன் என்று கேட்கலாம். பிறகு வட்டி நிர்ணயம் நிறுவனங்களின் கைக்குப் போனது. நீதிமன்றத்தின் கை மட்டும் கட்டியபடியே நிற்கிறது. அதன் மேல் 2002இன் சட்டம் வீட்டை எடுக்கும் அதிகாரத்தையும் சேர்த்தது. வட்டியைத் தீர்மானிப்பவர், பாக்கியைக் கணக்கிடுபவர், ஆட்சேபணையைத் தீர்ப்பவர், வீட்டை ஏலம் விடுபவர் நால்வரும் ஒருவரே. சூதாட்டத்தில் எதிராளியே பகடையும் உருட்டி எண்ணிக்கையும் சொல்வது போன்றது இது. அவர் யோக்கியராக இருந்தாலும் ஆட்டம் சரியல்ல.

ஸ்பெயின் இதே முடிச்சில் சிக்கி, வெளியே வந்த நாடு. 2008 நெருக்கடிக்குப் பின் அங்கே தவணை தவறியவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். வீட்டை எடுக்கும் வழக்கில் ‘ஒப்பந்தத்தின் ஷரத்து நியாயமற்றது’ என்று வீட்டுக்காரர் சொல்ல முடியாது. தனி வழக்குப் போடலாம், ஆனால் அது முடிவதற்குள் வீடு போய்விடும். அப்படி வீட்டை இழந்த ஒருவர் தொடுத்த வழக்கில், 2013 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இந்த முறை நுகர்வோர் பாதுகாப்புக்கு முரணானது என்றது. ஷரத்தை ஆராயும் நீதிபதிக்கு ஏலத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் இல்லாவிட்டால், வீடு போன பிறகு கிடைக்கும் நஷ்டஈடு போதாது என்பதே தீர்ப்பின் சாரம். ஸ்பெயின் சட்டத்தைத் திருத்தியது. சந்தை வட்டி எவ்வளவு இறங்கினாலும் ஓர் அளவுக்குக் கீழே வட்டி இறங்காது என்று வங்கிகள் மறைத்து எழுதிய ஷரத்துகளும் அதன்பின் செல்லாதவையாயின; 2016 டிசம்பர் தீர்ப்புக்குப் பின் கூடுதலாக வாங்கிய வட்டியைக் கடனின் முதல் நாளிலிருந்து திருப்பித் தர வேண்டியதாயிற்று. அமெரிக்காவிலோ, கோப்பைப் படிக்காமலே ஊழியர்கள் ஆயிரக்கணக்கான பிரமாணப் பத்திரங்களில் கையெழுத்திட்டு வீடுகளை எடுத்தது வெளிப்பட்டு, 2012இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் 49 மாநிலங்களோடு 2,500 கோடி டாலர் சமரசத்துக்கு வந்தன. இரு நாடுகளிலும் வீட்டுக் கடன் தொழில் அதனால் மூடப்படவில்லை.

கடைசி ஆட்சேபணை கொஞ்சம் வலுவானது. வழக்குப் போடுவதை எளிதாக்கினால் ஏய்ப்பவர்களும் தடையுத்தரவு வாங்கி ஆண்டுக்கணக்கில் இழுப்பார்கள். வசூல் தாமதமானால் நிறுவனங்கள் வட்டியைக் கூட்டும், அல்லது இண்டூர் போன்ற ஊர்களுக்குக் கடன் கொடுப்பதையே நிறுத்தும். ஒழுங்காகக் கட்டுகிறவர்தான் தண்டனை அனுபவிப்பார். இது நடக்கக்கூடியதே. ஆனால் இன்றைய முறையில் இழுத்தடிப்பு குறைந்துவிட்டதா? தீர்ப்பாயம் மனுவை 60 நாளில், அதிகம் போனால் நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வழக்குகள் அந்தக் கெடுவைத் தாண்டித்தான் போகின்றன. வீடு கைவிட்டுப் போகும் நேரத்தில் வருகிறவர், கிடைத்த எல்லா நடைமுறைப் பிழைகளையும் அள்ளிக்கொண்டுதான் வருவார், வேறு வழியில்லை. கணக்கு சரியா என்ற ஒற்றைக் கேள்வியை முன்னாலேயே, குறுகிய கெடுவில், ஆவணங்களை மட்டும் வைத்துத் தீர்த்துவிட்டால் பின்னால் வரும் வழக்கின் பெரும்பகுதிக்கு வேலையே இருக்காது. கணக்கு சரி என்று வெளியார் ஒருவர் சொல்லிவிட்ட பிறகு ஏய்ப்பவருக்கு நிற்க இடமில்லை. இது கடன் கொடுக்கிறவருக்கும் லாபம்.

அந்த மாற்றம் வரும்வரை, இருக்கிற கதவுகளையாவது சரியான நேரத்தில் தட்ட வேண்டும். தவணை தவறுவதற்கு முன்பே கணக்கு அறிக்கை வாங்கிப் பார்ப்பது முதல் வேலை: வட்டி எந்தத் தேதியில் மாறியது, இன்னும் எத்தனை மாதம் மிச்சம், என்னென்ன கட்டணம் பிடித்தார்கள். தவறு தெரிந்தால் எழுத்தில் புகார்; கைபேசிப் பேச்சுக்குச் சாட்சி கிடையாது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் 2021இல் வந்த அந்தத் திட்டத்தில் வீட்டுக்கடன் நிறுவனங்கள் சேரவில்லை. அவற்றின் மீதான புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குத்தான் போக வேண்டும். கட்டணப் பிழை, சேவைக் குறைபாடு போன்றவற்றுக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. 2019இன் சட்டப்படி கடன்தாரர் தான் குடியிருக்கும் இடத்தின் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கடனை முழுக்க அடைத்த பிறகு பத்திரம் 30 நாளில் திரும்ப வர வேண்டும். தாமதம் நிறுவனத்தின் தவறென்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் எல்லாக் கடன்தாரரும் நுகர்வோர் அல்லர். ரஜினியின் ‘கோச்சடையான்’ படத்தின் பின்தயாரிப்புக்காக வாங்கிய கடன் தொடர்பான வழக்கில், லாப நோக்கில் கடன் வாங்கிய நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டுப் பத்திரத்தை வைத்துத் தொழிலுக்குக் கடன் வாங்கியவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

சர்ஃபேசி நோட்டீஸ் வந்துவிட்டால் நேரம் சுருங்குகிறது. 60 நாள் முடிவதற்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அது பிறகு தீர்ப்பாயத்தில் ஆவணமாகும். பாக்கி ஒரு லட்ச ரூபாயைத் தாண்டாத கடனுக்கும், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகப் பாக்கி நிற்கும் கடனுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. விவசாய நிலத்துக்கும் பொருந்தாது. ஆனால் பட்டாவில் புஞ்சை என்று இருப்பது மட்டும் போதாது. அடமானம் வைத்தபோது அங்கே உண்மையில் பயிர் நடந்தது என்று கடன்தாரர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலத்தின் நடுவே வீடு கட்டி அடமானம் வைத்தவர்கள் இதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. தீர்ப்பாயத்துக்கான கட்டணம், பாக்கி பத்து லட்சத்துக்குக் கீழே என்றால் லட்சத்துக்கு 500 ரூபாய்தான். செலவு வைப்பது பயணமும் வழக்கறிஞரும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தர வேண்டும். கிராமத்து வீட்டுக் கடன்களில் மனைவியும் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடுவது வழக்கம். கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடப்பட்ட அவருக்கு இந்த உரிமை உண்டு என்பது பல வீடுகளில் தெரியாது.

இவை எல்லாம் தனித்தனியாகச் செய்யக்கூடியவை. சட்டத்தின் குறையை இவை நிரப்பா. நிரப்ப வேண்டியது சிறிய திருத்தம் ஒன்று. 13(2) நோட்டீஸுக்குக் கணக்கைப் பற்றிக் கடன்தாரர் ஆட்சேபணை எழுப்பினால், வீட்டின் மேல் கை வைக்கும் முன்பு மாவட்டத் தலைநகரிலேயே ஒரு நீதித் துறை அதிகாரி அதை 60 நாளுக்குள் பார்த்துத் தொகையைத் தீர்மானிக்க வேண்டும். கணக்கைத் தவிர வேறு எதையும் அவர் தொட வேண்டாம். சர்ச்சை இல்லாத பாக்கியைக் கடன்தாரர் அந்தக் காலத்தில் கட்டிவர வேண்டும். கட்டத் தவறினால் ஆட்சேபணை தள்ளுபடி. ஆளை வெளியேற்ற ஏற்கெனவே தருமபுரியில் ஆட்சியரும் தலைமைக் குற்றவியல் நடுவரும் கோப்பைப் பார்க்கிறார்கள். வெளியேற்றுவதற்கு மாவட்டத்துக்குள் ஆள் இருக்கும்போது, கணக்கைப் பார்ப்பதற்கு மட்டும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போகச் சொல்வதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் இல்லை. கடனைக் கட்ட வேண்டியது வாங்கியவரின் கடமை. எவ்வளவு என்று நேர்மையாகச் சொல்ல வேண்டியது கொடுத்தவரின் கடமை. முதல் கடமையை நிறைவேற்றச் சட்டம் கொடுத்திருக்கும் வேகத்தை இரண்டாவதற்கும் கொடுத்தால், வீட்டுக்காரர்கள் கடன் நிறுவனங்களின் மேல் போடும் வழக்குகளில் பாதி தேவைப்படாமலே போகும்.